கேட்க வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டவரோடு பேசிப் பழகுவது எப்படி என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஜப்பானியரிடமிருந்து விசிட்டிங் கார்டை இரு கைகளாலும் வாங்க வேண்டும், ஜெர்மானியரைச் சந்திக்கப் போகும்போது சொன்ன நேரத்துக்குத் தாமதிக்கக் கூடாது, அரபு நாட்டவர் முன் இடக்கையை நீட்டக் கூடாது, பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் மறுப்பு என்று பொருள் என்பன போன்ற குறிப்புகள் அதில் நாட்டுவாரியாகத் தரப்பட்டிருந்தன. இவற்றில் பெரும்பாலானவை தவறல்ல. முதன்முறையாக வெளிநாடு போகிறவருக்கு ஓரளவு உதவவும் கூடும். ஆனால் ஒரு மக்களின் மதிப்பீடுகளும் நம்பிக்கைகளும் அவர்கள் பேசுவதையும் பேசாமல் விடுவதையும் எப்படித் தீர்மானிக்கின்றன என்ற பெரிய கேள்வியைக் கை நீட்டுவது, கார்டு வாங்குவது என்ற அளவில் முடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் முதல் குறை இது. அந்தக் கட்டுரை, மேசையின் இரு பக்கமும் சமமாக உட்கார்ந்து வியாபாரம் பேசுகிறவர்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. வேற்று மக்களுக்கிடையே அன்றாடம் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. மருத்துவருக்கும் நோயாளிக்கும், காவலருக்கும் பிடிபட்டவருக்கும், குடியேற்ற அதிகாரிக்கும் அகதிக்கும், மேலாளருக்கும் புதிதாக வந்து சேர்ந்த தொழிலாளிக்கும் இடையே அது நடக்கிறது. இங்கெல்லாம் ஒருவர் கேள்வி கேட்கும் இடத்திலும் மற்றவர் பதில் சொல்லும் இடத்திலும் இருக்கிறார்கள். எது பதில், எது மழுப்பல், எது மரியாதை, எது திமிர் என்று முடிவு செய்கிற உரிமையும் கேள்வி கேட்பவரிடமே இருக்கிறது. பண்பாட்டு வேறுபாட்டால் பேச்சு முறியும்போது அதன் செலவு பெரும்பாலும் பதில் சொல்பவர் தலையில்தான் விழுகிறது. ஆகையால் புரிந்துகொள்வதற்கான உழைப்பையும் கேள்வி கேட்பவரே ஏற்க வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தில் நான் சொல்ல விரும்புவது.

நாட்டுவாரிப் பட்டியல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வெளிநாடுகளுக்கு அனுப்பும் அதிகாரிகளைத் தயார்செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்திய பயிற்சி நிலையத்தில், 1950களின் முற்பகுதியில் பாடம் நடத்தியவர் எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர். ஒருவர் எவ்வளவு நெருங்கி நிற்கிறார், எவ்வளவு நேரம் காக்கவைக்கிறார், சொல்ல வந்ததை நேராகச் சொல்கிறாரா அல்லது சூழ்நிலையிலிருந்து கேட்பவரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுகிறாரா என்பனவெல்லாம் மொழியைப் போலவே ஒழுங்குக்கு உட்பட்டவை என்று அவர் காட்டினார். அடுத்து நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்ட் ஹோஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் 1967 முதல் 1973 வரை திரட்டப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களைக் கொண்டு, மேலதிகாரத்துக்குப் பணியும் அளவு, தனிமனிதனை முன்னிறுத்தும் அளவு, நிச்சயமின்மையைக் கண்டு அஞ்சும் அளவு என ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போட்டார். 1980இல் அது வெளிவந்த பிறகு உலகெங்கும் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் இந்த மதிப்பெண்கள் சாதகக் கட்டம் போலப் பயன்படத் தொடங்கின.

இவ்விருவரின் உழைப்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஹால் கூறியவற்றுள் மிகவும் பயனுள்ளது, ஒரு பண்பாடு தன்னை மிகத் திறமையாக மறைத்துக்கொள்வது தன் சொந்த மக்களிடமிருந்தே என்பது. பட்டியல் தயாரிப்பவர்கள் வசதியாக மறந்துவிட்டதும் அதைத்தான். ஹோஃப்ஸ்டெட்டும் தம் எண்கள் நாடுகளின் சராசரியே தவிர எதிரே நிற்கும் தனி மனிதரைப் பற்றியவை அல்ல என்று எச்சரித்தார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து முழு நாட்டையும் அளக்க முடியுமா என்ற கேள்வியும் ஆய்வாளர்களிடையே இன்றுவரை ஓயவில்லை.

நாம் நிச்சயமாகத் தெரியும் என்று நினைப்பவை அளந்து பார்க்கும்போது எப்படிக் கலைந்துபோகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானியர் பதில் சொல்லுமுன் நீண்ட மௌனம் காப்பவர்கள் என்பது எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும். மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் இணைந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பத்து மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொண்டதைப் பதிவு செய்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் கோரும் கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையே கழியும் நேரத்தை அளந்தார்கள். பத்திலும் மிக விரைவாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில். கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக இடைவெளியே இல்லை என்று சொல்லுமளவுக்கு. மிகத் தாமதமாக வந்தது டேனிஷ் மொழியில், அதுவும் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஆக, பேச்சில் இடைவெளி விடாமலிருக்க முயல்வது எல்லா மக்களுக்கும் பொது. வேறுபாடு விநாடியின் சில பின்னங்களில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு பின்னத்தைத்தான் நாம் தயக்கமென்றும் விருப்பமின்மையென்றும் உணர்கிறோம். நெருங்கி நிற்கும் தூரமும் இப்படித்தான். 42 நாடுகளில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், அந்நியரை அதிகத் தொலைவில் நிறுத்த விரும்பியவர்கள் ருமேனியர்; மிக அருகே விட்டவர்கள் அர்ஜென்டினர். குளிர்நாட்டார் விலகி நிற்பர், வெப்பநாட்டார் நெருங்கி நிற்பர் என்ற வழக்கமான விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வரிசையை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இனி, விமான விபத்துகள். பண்பாடும் பேச்சும் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த கொலம்பிய நாட்டு ஏவியாங்கா விமானத்தை. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே சுற்றிக்கொண்டிருந்த விமானத்திலிருந்து, துணை விமானி தரைக் கட்டுப்பாட்டிடம் முன்னுரிமை வேண்டுமென்றார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார். எமர்ஜென்சி என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. தலைமை விமானி அதைச் சொல்லும்படி காக்பிட்டில் கூறியது ஒலிப்பதிவில் இருக்கிறது. மேலதிகாரத்துக்கு அடங்கிப்போகும் பண்பாட்டிலிருந்து வந்தவர் என்பதால் கண்டிப்பான நியூயார்க் கட்டுப்பாட்டாளர்களிடம் குரலுயர்த்த முடியவில்லை என்று இதற்கு விளக்கம் தருவார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானிகள் அவசரநிலையைத் தெரிவிக்கத் தவறியதோடு நிற்கவில்லை. குறைந்த எரிபொருள் நிலையைக் குறிப்பதற்கு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் பொதுவான, தெளிவான சொற்கள் வரையறுக்கப்படாததையும், விமானப் போக்குவரத்து ஒழுங்காகக் கையாளப்படாததையும் சேர்த்தே குறிப்பிட்டது. விமானம் எமர்ஜென்சி என்று சொல்லாவிட்டாலும், எரிபொருள் நிலையைத் தரையிலிருந்து இன்னும் துருவிக் கேட்டிருக்கலாமே என்பதைப் பண்பாட்டு விளக்கம் தருகிறவர்கள் பேசுவதில்லை.

இதன் அருகில் வேறொரு விபத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில், நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் அனுமதி பெறாமலே ஓடுபாதையில் புறப்பட்டு, அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்துகொண்டிருந்த அமெரிக்காவின் பான் ஆம் விமானத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானப் பயண வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கியபோது, பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று அதன் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். நிறுவனத்தின் மூத்த பயிற்றுநராக இருந்த தலைமை விமானி, விலகிவிட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அதற்குமேல் பொறியாளரும் துணை விமானியும் வற்புறுத்தவில்லை. மூவரும் டச்சுக்காரர்கள். அதாவது, முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள், அதிகாரத்துக்கு வளைந்துகொடுக்காதவர்கள் என்று எல்லாப் பட்டியல்களும், ஹோஃப்ஸ்டெட்டின் மதிப்பெண்களும், சொல்கிற அதே மக்கள். டெனரீஃபை டச்சுப் பண்பாட்டின் விளைவு என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை; நேர்மாறாக, மூத்தவர் முன் இளையவர் வாயடைத்துப்போவது மனித இயல்பு என்று கொண்டு, அதற்கான மாற்று தேடப்பட்டது. விமானி அறைக்குள் யார் வேண்டுமானாலும் ஐயத்தை எழுப்பலாம், எழுப்ப வேண்டும் என்ற பயிற்சிமுறை, நாசா 1979இல் கூட்டிய பட்டறைக்குப் பின் வேரூன்றியது. புறப்பாடு என்ற சொல்லை அனுமதி தரும்போது மட்டுமே பயன்படுத்துவது என்ற விதி வந்தது. அனுமதியை விமானி திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டிய நடைமுறை இறுக்கப்பட்டது. கொலம்பியர் மௌனமாக இருந்தால் பண்பாடு, டச்சுக்காரர் மௌனமாக இருந்தால் மனித இயல்பு என்ற இந்த ஓரவஞ்சனை, பண்பாட்டைப் பற்றிப் பேசும் எழுத்துகளில் நான் காணும் தீராத நோய்.

பண்பாட்டு வேறுபாடு என்பதே கற்பனை என்று நான் வாதிடுவதாகத் தாங்கள் நினைத்துவிட வேண்டாம். அது மெய்யானது, சில வேளைகளில் ஒருவரின் விடுதலையையே பறிக்கும் அளவுக்கு மெய்யானது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரை அந்நாட்டுக் காவல் துறை விசாரித்த விதத்தைப் பாருங்கள். அதிகாரி ஒருவர் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டால், கேள்வி புரிந்தாலும் புரியாவிட்டாலும், உண்மையாயினும் இல்லாவிட்டாலும், ஆமாம் என்று சொல்லிவைப்பது அங்குப் பலரிடம் காணப்படும் வழக்கம். எதிரில் இருப்பவரோடு முரண்படாமல் பேச்சைச் சுமுகமாக நடத்திச் செல்வது அவர்களிடையே மதிக்கப்படும் பண்பு. நூற்றாண்டுக்கும் மேலான அடக்குமுறையில், மறுத்துப் பேசினால் என்ன கிடைக்கும் என்பதையும் அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மொழியியலாளர் டயானா ஈட்ஸ் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, நீதிமன்றங்களில் இந்த ஆமாம் எப்படி ஒப்புதல் வாக்குமூலமாக மாறுகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். மௌனத்தின் கதையும் அதுவே. கேட்டவுடன் பதில் சொல்லாமல் யோசித்து நிற்பது அவர்களிடையே இயல்பானது. குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் கண்ணுக்கு அது பொய்யை ஜோடிக்க எடுத்துக்கொள்ளும் அவகாசமாகத் தெரிகிறது.

1976இல் ஆஸ்திரேலியாவின் வட பிரதேச உச்ச நீதிமன்றத்தில் அனுங்கா என்ற வழக்கில் நீதிபதி ஃபார்ஸ்டர் வகுத்த விதிகள், பண்பாட்டுப் பயிற்சி நடத்தும் எவரும் பாடமாக வைக்கத் தக்கவை. ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். பிடிபட்டவர் நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும். விரும்பிய பதிலை வாயில் வைத்துக் கொடுக்கும் கேள்விகளைத் தவிர்க்க வேண்டும். நோயுற்றோ குடித்தோ களைத்தோ இருப்பவரை விசாரிக்கக் கூடாது. இவை எவரும் எதிர்பார்க்கக் கூடியவைதாம். நான் வியப்பது இன்னொன்றை. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது சாட்சியமாகப் பயன்படும் என்ற சட்ட எச்சரிக்கையைக் காவலர் படித்துக் காட்டிவிட்டுப் புரிந்ததா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் பதில் வரும். ஆகவே அந்த எச்சரிக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பொருள் என்று விசாரிக்கப்படுபவரையே தம் சொற்களில் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நீதிபதி விதித்தார். பழங்குடியினரின் பண்பாட்டைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாத காவலரும் இந்த விதியைப் பின்பற்ற முடியும். அதன் சிறப்பும் அதுதான். புரிந்ததா என்ற கேள்வி, பதில் சொல்பவரைச் சோதிக்கிறது. நான் சொன்னதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்ற கேள்வி, சொன்னவரையே சோதிக்கிறது.

விமானி அனுமதியைத் திருப்பிச் சொல்வதும் இதுவும் அடிப்படையில் ஒரே உத்தி என்பதைக் கவனிக்கலாம். மருத்துவத்திலும் இது உண்டு. மாத்திரையை எப்போது எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று நோயாளியையே விளக்கச் சொல்லும் முறை இன்று பல மருத்துவமனைகளில் கற்பிக்கப்படுகிறது. அலுவலகக் கூட்டங்களில் மட்டும்தான் இன்னும் இது நுழையவில்லை. பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் நெடுங்காலம் இருந்தவன் நான். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோ கூட்டத்தில் மேலாளர் ஒருவர், வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிடுமல்லவா என்று கேட்டு, எதிர்முனையில் இருப்பவர் முகத்தாட்சண்யத்துக்காகத் தலையசைத்ததை வாக்குறுதியாகக் குறித்துக்கொண்டு, பிறகு அந்த நாட்டார் சொல் காப்பாற்றாதவர்கள் என்று சலித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இன்னும் என்ன வேலை பாக்கி, எது தடையாக இருக்கிறது என்று கேட்டிருந்தால், முகம் கோணாமலே உண்மை வந்திருக்கும்.

மருத்துவத்தில் கேள்வியின் மதிப்பை நன்கு உணர்ந்தவர் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மானிடவியலும் கற்றவர். அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970களின் பிற்பகுதியில் முன்வைத்த கேள்விகள் எளிமையானவை. உங்கள் நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? அது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது வந்தது? என்ன சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இந்த நோயில் நீங்கள் மிகவும் அஞ்சுவது எதற்கு? இப்படிச் சில. கேட்டு முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். இவை கேட்கப்படாதபோது என்ன நேரும் என்பதற்கு, 1980களில் கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் நடந்தது பரவலாக அறியப்பட்ட சான்று. லாவோசிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் குடும்பத்தின் சிறுமிக்கு வலிப்பு நோய். ஆன்மா அதிர்ச்சியுற்று உடலை விட்டு நீங்கியதால் வந்தது என்று பெற்றோர் நம்பினார்கள். மூளையின் மின்னோட்டக் கோளாறு என்று மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். மருந்துகளும் அளவுகளும் அடிக்கடி மாறின. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அவற்றைச் சரியாக எடுத்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் இல்லை. மருந்தைச் சரிவரக் கொடுக்கவில்லை என்று குழந்தை சில காலம் பெற்றோரிடமிருந்து பிரித்துவைக்கப்பட்டது. கடைசியில் மீளாத மூளைச் சேதத்தில் முடிந்தது. இரு தரப்பும் அந்தக் குழந்தையை மனமார நேசித்தன என்பதில் அதைப் பற்றி எழுதிய எவருக்கும் ஐயமில்லை. நல்லெண்ணம் இருந்தால் மொழியும் பண்பாடும் தாமாக வழிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது, 2014 முதல் 2016 வரை கினியா, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் எபோலா பரவியபோது நடந்தது. 28,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று 11,000க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தக் கொள்ளைநோயில், இறந்தவரின் உடலில் கிருமி மிகுந்திருக்கும். உடலைக் கழுவி, தொட்டு, உடுத்தி அடக்கம் செய்வது அம்மக்களின் கடமை. புதிய தொற்றுகளில் ஐந்தில் ஒரு பங்காவது அடக்கச் சடங்குகளின்போது ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2014 நவம்பரில் கூறியது. தொடக்கத்தில் மருத்துவக் குழுக்கள் என்ன செய்தன? தலைமுதல் கால்வரை மூடிய உடையில் ஊருக்குள் இறங்கி, உடலைப் பையில் அடைத்து எடுத்துச் சென்றன. அறிவியல்படி அது சரி. ஊராருக்கோ, முகம் தெரியாத உருவங்கள் தங்கள் தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய் எங்கோ புதைத்துவிடுகின்றன. மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள்; இறந்தவர்களை இரவில் புதைத்தார்கள். 2014 செப்டம்பரில் கினியாவின் வோமே என்ற ஊரில், எபோலா பற்றி விளக்கச் சென்ற குழுவினரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள்.

பிறகு மானிடவியலாளர்களும், முஸ்லிம், கிறிஸ்தவ சமயத் தலைவர்களும் அழைக்கப்பட்டு, அடக்க விதிகள் திருத்தப்பட்டன. குடும்பத்தார் குழி வெட்டலாம், தண்ணீருக்கு மாற்றாக, உடலைத் தொடாமலே செய்யும் உலர் தூய்மைச் சடங்கு செய்யலாம், இறந்தவருக்குக் கஃபன் துணி உண்டு, பிரார்த்தனை உண்டு. அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. கினியாவின் கிஸ்ஸி மக்களிடையே கருவுற்ற பெண் ஒருவர் எபோலாவால் இறந்துபோனார். வயிற்றில் குழந்தையோடு புதைப்பது உலக ஒழுங்கையே குலைக்கும், ஊருக்குக் கேடு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே கருவை அகற்றிய பிறகே அடக்கம் என்று உறவினர் உறுதியாக நின்றார்கள். அந்த அறுவையைச் செய்வது தற்கொலைக்கு ஒப்பானது என்று மருத்துவக் குழு மறுத்தது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க முடியாத நிலை. உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பணியாற்றிய மானிடவியலாளர் ஒருவர் ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, விதியைப் பற்றி வாதிடாமல், விதி மீறப்பட்டுவிட்டால் பரிகாரம் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றார்கள். அதை அறிந்த சடங்காளர் ஒருவர் வரவழைக்கப்பட்டார்; சடங்குக்கான செலவை நிறுவனம் ஏற்றது; கரு அகற்றப்படாமலே அந்தப் பெண் அடக்கம் செய்யப்பட்டார்.

இதில் நான் காண்பது இது. எந்த மக்களின் நம்பிக்கையிலும் விதி இருக்கிற இடத்திலேயே விலக்கும் பரிகாரமும் இருக்கும். பட்டியல்கள் நமக்கு விதியை மட்டுமே சொல்லும்: இவர்கள் இதைச் செய்வார்கள், இதைச் செய்ய மாட்டார்கள். விலக்கு எங்கே இருக்கிறது, யார் அதைத் தர அதிகாரம் பெற்றவர், எதைக் கொடுத்தால் மனம் ஆறும் என்பதெல்லாம் உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். அவரும் கேட்டால்தான் சொல்வார், மதித்துக் கேட்டால்தான் உண்மையைச் சொல்வார். பண்பாட்டைக் கற்சுவராக எண்ணுகிறவர்கள் அதில் முட்டிக்கொள்கிறார்கள், அல்லது அதைப் புனிதமென்று விலகி நின்று உயிர்களைப் பறிகொடுக்கிறார்கள். அந்தக் கிஸ்ஸி பெண்ணின் அடக்கத்தில் இரண்டும் நேரவில்லை. கேட்பது என்றால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது என்று பொருளல்ல என்பதும் இதில் தெளிவாகிறது. உடலைக் கழுவும் வழக்கத்தை யாரும் அனுமதித்துவிடவில்லை. அது நிறுத்தப்பட்டது, ஆனால் அதன் இடத்தில் அம்மக்களே ஏற்றுக்கொண்ட வேறொன்று வைக்கப்பட்டது.

ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லி, வந்தவர்தானே மாறிக்கொள்ள வேண்டும் என்று தங்கள் வாசகர் சிலர் கேட்கக் கூடும். வந்தவர்கள் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புது மொழி கற்கிறார்கள், பெயரைச் சுருக்கிக்கொள்கிறார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கப் பழகுகிறார்கள். அந்த உழைப்பு கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். தவிரவும், கினியாவில் வந்தவர்கள் மருத்துவர்கள். ஆஸ்திரேலியாவில் வந்தவர்கள் வெள்ளையர்கள். யார் வந்தவர் என்பதைவிட, யார் கையில் மருந்தும் சாவியும் பேனாவும் இருக்கின்றன என்பதே இங்குப் பொருட்படுத்த வேண்டியது.

இன்னொரு புறம், பண்பாட்டின் மேல் பழியைப் போட்டு வேறு காரணங்களை மறைப்பதும் பழைய வழக்கம். 1793இல் சீனப் பேரரசர் சியென்லூங்கைக் காணச் சென்ற பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி, தரையில் தலைபட வணங்க மறுத்ததால் அந்தத் தூது தோற்றது என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. கூடுதல் துறைமுகங்கள், தலைநகரில் நிரந்தரத் தூதர் என்று பிரிட்டன் கேட்டவற்றைத் தருவதில் சீனாவுக்கு எந்த அக்கறையும் இருக்கவில்லை. எத்தனை முறை தலை வணங்கியிருந்தாலும் அது மாறியிருக்காது. இன்றும் தொழிற்சாலை விபத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் இறந்தால், பாதுகாப்பு விதிகளை மதிக்காத பண்பாடு என்பார்கள். எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் இருந்தது, வேலையை நிறுத்தச் சொன்னால் அன்றைய கூலி போகுமா என்று கேட்பதில்லை.

ஆகவே ஆசிரியரிடம் என் வேண்டுகோள்கள் இவை. வேற்று நாட்டவரோ, வேற்று மொழியினரோ, சிறுபான்மை மக்களோ உட்பட்ட விபத்து, வழக்கு, மருத்துவத் தவறு ஆகியவற்றைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, அவர்களுடைய வழக்கம் அப்படி என்று எழுதுமுன் தங்கள் நிருபர்கள் சிலவற்றை விசாரித்து எழுதட்டும். கேள்வி எந்த மொழியில் கேட்கப்பட்டது? மொழிபெயர்த்தவர் பயிற்சி பெற்றவரா, அல்லது கையில் அகப்பட்ட உறவினரா, பள்ளிக்கூடப் பிள்ளையா? தாயின் நோயைத் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் சுமை எத்தனையோ நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகள் மேல் விழுகிறது. அந்தப் பிள்ளை எதைச் சொல்லாமல் விழுங்கியிருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. பதில் சொன்னவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வாய்ப்புப் பெற்றாரா? அவர் நம்பும் ஒருவர் அருகில் இருந்தாரா? இந்த விவரங்கள் செய்தியில் இருந்தால், பண்பாடு எவ்வளவு, அலட்சியம் எவ்வளவு என்று வாசகர்களே எடைபோட்டுக்கொள்ள முடியும்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தொடர் அடுத்த வாரங்களிலும் வரும் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், ஒரு வாரத்தையாவது நீதிமன்ற, மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரு மக்களுக்கு நடுவே நின்று, இருவர் சொல்வதையும் இருவர் சொல்லாததையும் சேர்த்துக் கேட்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பயிற்சி, ஊதியம், பணிநேரம், இடையில் புகுந்து விளக்கம் கேட்க அவர்களுக்கு உள்ள உரிமை ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரையும் நான் இதுவரை படித்ததில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்